ஆர். ஓதெத், போஸ்த் ரெஸ்தாந்த்

என் தங்கை தனக்கொடிக்குத் தாலி கட்டி முடிந்து, பொரி எடுத்துக் கொடுக்க ஐயர் என்னைக் கூப்பிட்டபோது நான் மிலான் ரயில் நிலையத்தில் இருந்தேன். உடம்பு என்னவோ பாண்டிச்சேரி முதலியார்பேட்டையில்தான் இருந்தது. பட்டு வேட்டி, தோளில் துண்டு, கையெல்லாம் சந்தனம். சுவர்க் கடிகாரம் எட்டேகால் காட்டியது. அதில் மூன்றரை மணி நேரத்தைக் கழித்தால் அங்கே நாலே முக்கால். ஜெனீவாவிலிருந்து வரும் வண்டி இந்நேரம் மிலானை நெருங்கியிருக்கும். ஓதெத் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்குவாள். எதிரே இராமதாஸ் வாயைத் திறந்துகொண்டு தூங்குவான். ஆதிலட்சுமி மட்டும் விழித்திருந்து பெட்டிகளை எண்ணிக்கொண்டிருப்பாள். "டேய் கண்ணையா, கைய நீட்டுடா" என்று சின்னம்மா முதுகில் ஒன்று வைத்தாள். பொரியில் பாதி தரையில் கொட்டிவிட்டது. தங்கையைப் பிரியப்போகும் துக்கத்தில் அண்ணனுக்குக் கை நடுங்குகிறது என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கிடைத்த நல்ல பேரை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

இது எழுபத்தொன்பதாம் வருஷம். எங்கள் கல்லூரியிலிருந்து பிரெஞ்சு படிக்கும் ஓதெத், இராமதாஸ், ஆதிலட்சுமி, நான் என நான்கு பேரை ஒரு செமஸ்டருக்குப் பிரான்சில் மொன்பெலியேவுக்கு அனுப்பினார்கள். பிப்ரவரியில் போய் ஜூனில் முடிந்தது. ஊர் திரும்பும் டிக்கெட் செப்டம்பர் முப்பது வரை செல்லும். அதனால் பரீட்சை முடிந்ததும் ரயிலில் ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான்தான். கல்லூரி சேரும்வரை விழுப்புரம் பாசஞ்சரைத் தவிர வேறு ரயிலைப் பார்த்திராதவன், செங்கல் கனத்துக்கு ஒரு கால அட்டவணைப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, விடுதிச் சமையலறைத் தரையில் ஐரோப்பா வரைபடத்தை விரித்துப் போட்டு, பத்து ராத்திரி உட்கார்ந்தேன். ஜெனீவா, மிலான், ஃப்ளாரன்ஸ், ரோம், வெனிஸ், வியன்னா, கடைசியில் பாரிஸ். எந்தத் தேதியில் எந்த வண்டி, எந்த ஊரில் எத்தனை நாள், மலை தெரிய எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பது வரை எழுதி, கார்பன் வைத்து நான்கு பிரதி எடுத்தேன். எடுத்து முடித்த நாலாம் நாள் அப்பாவின் தந்தி வந்தது. தனக்கொடிக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது, உடனே புறப்படவும். ஒரே அண்ணன். ஐரோப்பா பார்க்க வேண்டியிருக்கிறது, பொரியை நீங்களே கொடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுத முடியுமா? மூன்று பேரும் அந்தக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஐரோப்பா போனார்கள். நாலாவது பிரதி என்னோடு முதலியார்பேட்டைக்கு வந்தது.

மொன்பெலியேவில் எங்களுக்கு நடந்த ஒரு வேடிக்கையை இங்கே சொல்லிவிட வேண்டும். நமக்குப் பேர் ஒன்று, முன்னால் அப்பா பேருக்கு ஒரு எழுத்து, அவ்வளவுதான். அங்கே அது எடுபடவில்லை. குடும்பப் பெயர்தான் அவர்களுக்குப் பெயர். அதை நோம் என்பார்கள். சொந்தப் பெயர் ப்ரெனோம், அது வாலில் தொங்கும். அதனால் முதல் நாளே எங்கள் அப்பாக்கள் எல்லாரும் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். ஜி. கண்ணையன் ஆகிய நான் முசியே கோவிந்தராசு. மில்லில் இருபத்தாறு வருஷமாக "டேய் கோயிந்து" என்று கூப்பிடப்பட்ட என் அப்பா, தனக்கே தெரியாமல் அங்கே ஐந்து மாதம் முசியேவாக இருந்தார். ஆர். ஓதெத்தை மத்மொசேல் ராயப்பான் என்று கூப்பிட்டார்கள். முதல் வாரமெல்லாம் அந்தப் பேரைக் கேட்டதும் அவள் எழுந்திருக்காமல் வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். அப்பா எங்கே இங்கே வந்தார் என்பது போல இருக்கும் அந்தப் பார்வை. நான் சிரித்துவிடுவேன். ஆனால் ஒரு தடவைகூட அவளை அந்தப் பேரில் கூப்பிட்டதில்லை. ஓதெத் என்று சொல்வதில் எனக்கு இருந்த சந்தோஷத்தில் அவள் அப்பாவுக்குப் பங்கு கொடுக்க எனக்கு மனசு இல்லை.

நான் புறப்பட்ட அன்று அவள் மட்டும் ஸ்டேஷனுக்கு வந்தாள். பெட்டியை ஏற்றி வைத்துவிட்டுக் கீழே நின்றாள்.

"நீ எழுது. ஊருக்கு ஒரு லெட்டர். போஸ்த் ரெஸ்தாந்த்னு போட்டுடு, நான் போய்க் கேட்டு வாங்கிக்கறேன்" என்றாள்.

தங்க வீடு இல்லாதவர்களுக்கான ஏற்பாடு அது. அந்த ஊர்ப் பெரிய போஸ்ட் ஆபீசில் கடிதத்தை வைத்திருப்பார்கள். ஆள் போய் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டும்.

"பாரிஸ்ல எங்க அண்ணன் பால் எனக்கு ஏதோ டீச்சர் படிப்புக்கு எடம் பாத்து வெச்சிருக்குது. அக்டோபர்ல சேரணுமாம். சேந்தா அங்கயேதான். நான் பாரிஸ் வந்து சேர்றதுக்குள்ள நீ சொல்ல வேண்டியத சொல்லிடு. சொன்னா வந்துடறேன். சொல்லலன்னா அங்கயே இருந்துடறேன்."

"என்னா சொல்லணும்?" என்று கேட்டேன். வாழ்க்கையில் நான் கேட்ட கேள்விகளிலேயே அதற்கு மிஞ்சிய முட்டாள்தனமான கேள்வி கிடையாது.

"அதையும் நானே சொல்லித் தரணுமா?" என்றாள். வண்டி நகர்ந்துவிட்டது. அவள் கையை ஆட்டவில்லை, பாவாடைப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றாள்.

ஊர் வந்து இறங்கிய அன்றே மிலானுக்கு எழுதினேன். கடிதம் போய்ச் சேர ஒன்பது பத்து நாள் ஆகும். அவள் ஒரு ஊரில் இருக்கும்போது நான் அதற்கு அடுத்த அடுத்த ஊருக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டும். பிரெஞ்சு நூலகத்தில் பழைய வழிகாட்டிப் புத்தகம் ஒன்று இருந்தது. அதைப் படித்துவிட்டு, "இந்நேரம் நீ பாலத்தின் மேல் நிற்பாய், ஐந்து மணிக்கு வெயில் ஆற்றில் விழும், பார்" என்று போகாத ஊருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கை கல்யாணம், மாப்பிள்ளைக்குக் காது மடல் பெரிசு, முதலியார்பேட்டையில் மழை என்றெல்லாம் எழுதினேன். எழுத வேண்டிய ஒன்றை மட்டும் அடுத்த ஊருக்கு அடுத்த ஊருக்கு என்று தள்ளிப்போட்டேன். பாரிஸ்தானே கெடு, பாரிஸுக்கு எழுதினால் போயிற்று. உறையின் மேல் மத்மொசேல் ஆர். ஓதெத், போஸ்த் ரெஸ்தாந்த், ஊர்ப் பேர். அந்த 'ஆர்' என்ற ஒற்றை எழுத்துக்கு மேல் அவள் அப்பாவுக்கு நான் இடம் தரவில்லை. பின்பக்கம், அனுப்புநர் இடத்தில், பாண்டிச்சேரி, இந்தியா என்று மட்டும் எழுதினேன். தப்பித் தவறித் திரும்பி வந்தால் எங்கள் வீட்டு வாசலில் வந்து விழுந்து கேள்வி கிளம்பக் கூடாது என்ற முன்யோசனை. என் முன்யோசனைகள் எல்லாம் இந்த லட்சணம்தான்.

ராத்திரி படுக்கும் முன் அந்த நாலாவது பிரதியை எடுத்துப் பார்ப்பேன். இன்று தேதி இருபத்தொன்று, ரோம். எனக்கு அவள் மேல் ஏக்கமா, அந்த ரயில்கள் மேல் ஏக்கமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் தேர்ந்தெடுத்த வண்டியில், நான் சொன்ன பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் என் இடத்தில் அவளுடைய கம்பளிச் சட்டை கிடக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். நினைத்தால் நெஞ்சு வலிக்கும். நினைக்காவிட்டால் தூக்கம் வராது.

ஜூலை பதினாலாம் தேதி காலையில் கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போனேன். பிரெஞ்சுத் தேசிய நாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் நம்மூர் ஆட்களை நாங்கள் சொல்தா என்போம், நேரில் மரியாதையாக மிசே என்போம். அவர்கள் எல்லாம் கோட்டு போட்டு, மெடல் குத்தி, வேர்த்து ஒழுக வரிசையாக நிற்பார்கள். ஓதெத்தின் அப்பா இராயப்பன் மூன்றாவது வரிசையில் நின்றார். சைகோன் வரைக்கும் போய் வந்தவர். அறுபத்திரண்டில் எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டபோது பிரான்ஸ் என்று கையெழுத்துப் போட்டார், ஆனால் தன் வீடு இருக்கும் சம்பா கோயில் பின்தெருவை விட்டு அசையவில்லை. பென்ஷனுக்காக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, தான் உயிரோடு இருப்பதாக அவர் ஒரு பாரம் எழுதித் தர வேண்டும். அவருக்குப் பிரெஞ்சு பேச வரும், தன் பேரை எழுத வரும், மற்றபடி எழுத்து வராது. இரண்டு வருஷமாக அந்தப் பாரத்தை நிரப்பித் தருபவன் நான். ஓதெத் இருக்கும்போது என்னை ஏன் கூப்பிடுகிறார் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அந்தப் பிழைப்பும் போய்விடுமே.

அணிவகுப்பு முடிந்து என்னிடம் வந்தார். "உனக்கு எழுதினாளா?"

"இல்ல மிசே. உங்களுக்கு?"

"அம்மாக்காரிக்கு ஒண்ணு வந்துச்சு. ஜெனீவால ஐஸ்கிரீம் நல்லா இருக்குதாம்." மெடலை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பால் போறப்பவும் மொத லெட்டர்ல ஐஸ்கிரீம்தான் எழுதினான்" என்றார். பால் போய் பதினோரு வருஷம். இரண்டு தடவைதான் வந்திருக்கிறான்.

எனக்கு அவள் அட்டை ஜூலை கடைசியில் வர ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கிற தங்கையும் புகுந்த வீடு போய்விட்டாள், அதனால் பயமில்லை. முதல் அட்டை மிலான். "கண்ணையா, நீ சொன்ன மாதிரியே வலது பக்கம் உட்கார்ந்தோம். மலை இடது பக்கம் போயிற்று. போஸ்ட் ஆபீசில் கேட்டேன். ஒன்றும் இல்லை." கடிதம் தாமதமாகியிருக்கும் என்று நினைத்தேன். அதற்குள் வியன்னா வரைக்கும் எல்லாக் கடிதங்களையும் போட்டாகிவிட்டது. அடுத்தது ஃப்ளாரன்ஸ். "பாலம் பார்த்தேன், ஐந்து மணிக்குத்தான். கவுண்டர்காரர் என் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு கடிதக் கட்டை எடுத்துத் தேடினார். அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை." ரோமில் மூன்று நாளும் போய்க் கேட்டிருக்கிறாள். இராமதாஸ் கேலி செய்கிறானாம். வெனிஸ் அட்டையில் இரண்டே வரி. "தண்ணீர் நாற்றம். கடிதம் இல்லை." எனக்குப் பைத்தியம் பிடிப்பது போல இருந்தது. ஒரு கடிதம் தொலையலாம், ஒரு ஊர்க்காரன் சோம்பேறியாக இருக்கலாம். நான்கு ஊர்க்காரர்களும் சேர்ந்து எனக்கு எதிராகச் சதி செய்ய நான் என்ன அவ்வளவு பெரிய ஆளா?

ஆகஸ்ட் பதிமூன்றாம் தேதி வியன்னா வந்தது. படத்தில் ஒரு குதிரை வண்டி. பின்னால், "மழை. இங்கேயும் இல்லை. நீ எழுதவே இல்லை என்று இப்போது புரிகிறது. பாரிஸில் கேட்கப் போவதில்லை." கீழே பேருக்கு ஓ என்று ஒரே எழுத்து. அன்று நான் சாப்பிடவில்லை. மில் சங்கு ஊதி, அப்பா வந்து, விளக்கு வைத்த பிறகும் அந்தக் குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாரிஸுக்கு என்று வைத்திருந்த வார்த்தை உள்ளேயே கிடந்தது. கேட்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டவளுக்கு எந்த விலாசத்தில் எழுதுவது? பால் வீட்டுக்கு எழுதாதே, அண்ணன் பிரித்துப் படிக்கும் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள்.

பதினோரு நாள் கழித்து இராயப்பன் சைக்கிளில் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். முழுக்கால் சட்டை, உள்ளே விட்ட சொக்காய். அம்மா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தாள். அவர் உட்காரவில்லை. "பாரம் எழுதணும், நாளைக்குக் காலையில வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போன மாதம்தானே பாரம் எழுதினோம் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் போனேன். அவர் மேசையில் பாரம் இல்லை. ஓரத்தில் சிவப்பு நீலக் கோடு போட்ட இரண்டு விமானத் தபால் உறைகள் இருந்தன. இரண்டும் என் கையெழுத்து. மிலான், ஃப்ளாரன்ஸ். மேலே சிவப்பில் குத்தியிருந்தது: நோன் ரெக்லமே.

"ஆதிமூலம் கொண்டாந்து குடுத்துட்டுப் போறான்" என்றார். ஆதிமூலம் அந்தத் தெருவுக்குத் தபால்காரர். பாண்டிச்சேரி என்று மட்டும் போட்டுத் திரும்பி வந்த கடிதத்தை என்ன செய்வது என்று போஸ்ட் ஆபீசில் திகைத்திருக்கிறார்கள். இந்த ஊரில் ஆர். ஓதெத் யார் என்று ஆதிமூலத்துக்கா தெரியாது?

"நோன் ரெக்லமேன்னா தெரியுமில்ல? கேட்டு வாங்க ஆள் வரலியாம். குத்தி அனுப்பிட்டான்."

உள்ளே சமையலறையில் ஓதெத்தின் அம்மா ஆன்-மரி பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது.

"பயப்படாத. பிரிக்கல. உள்ள என்னா எழுதியிருக்கேன்னு நான் கேக்கல. வெளிய என்னா எழுதியிருக்கேன்னுதான் கேக்கறேன்."

உறையைப் பார்த்தேன். ஊர்ப் பேர் சரி. அவள் பேர் சரி. "சரியாத்தான இருக்குது மிசே" என்றேன்.

"எனக்குப் பாரம் எழுதறியே, மொதல்ல என்னா எழுதுவே?"

"நோம்."

"என்னா நோம்?"

"ராயப்பான்."

"அப்பறம்?"

"ப்ரெனோம்…" என்று ஆரம்பித்தவன் அங்கேயே நின்றுவிட்டேன். அவள் பாஸ்போர்ட்டில் இருப்பது ராயப்பான். கவுண்டர்காரன் அதைப் பார்த்துவிட்டு ராயப்பானுக்கு வந்த கடிதங்களைத் தேடியிருக்கிறான். நான் எழுதிய கடிதமோ ஓதெத் என்ற குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆர் என்ற எழுத்தை அவன் ஏதோ ரோஸ், ரெனே என்று நினைத்திருப்பான். ஐந்து ஊரிலும் கடிதம் இருந்திருக்கிறது. அவள் முகத்துக்கு நேரே, அடுத்த கடிதக் கட்டுக்குள் இருந்திருக்கிறது. அவள் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வருஷத்துக்கு நான்கு தடவை அவள் அப்பாவுக்கு நோம், ப்ரெனோம் என்று எழுதிக் கொடுத்த எனக்கு, அவளுக்கு எழுதும்போது மட்டும் அது மறந்துவிட்டது. மறக்கவில்லை, நான்தான் வேண்டாம் என்று விட்டேன்.

"எம் பேரத் தாண்டிகினு எம் பொண்ணுக்குக் கடுதாசி போட்டா அது எப்படிடா போவும்?" என்றார் இராயப்பன். குரலை உயர்த்தவில்லை. அவர் கோபமாகக் கேட்டாரா, கேலியாகக் கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டேஷனில் அவள் சொன்னது, பாரிஸ் கெடு, வியன்னா அட்டை. சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் முன்னால் அழுதோமே என்று பிறகு வெட்கமாக இருந்தது, அப்போது இல்லை.

"சரி, இந்த ரெண்டுல அத சொல்லிட்டியா?"

"இல்ல மிசே. தங்கச்சி கல்யாணத்த பத்தி எழுதினேன். மழையப் பத்தி."

"அப்ப திரும்பி வந்ததே நல்லதாப் போச்சு" என்றார்.

"உங்க பேர்ல கூப்பிடலாமே மிசே, நான் எழுதித் தரேன். பால் வீட்டு விலாசத்துக்கு நீங்க எழுதினா யாரு தடுக்கப் போறாங்க?"

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "எழுதலாம். அப்பன் கூப்பிடறான்னு வந்துடுவா. வந்து இந்த ஜன்னலாண்டயே உக்காந்துகினு இருப்பா. பாரிஸுக்குப் போனவங்க எல்லாம் அங்க இருக்க, என்ன மட்டும் கூப்ட்டுட்டாங்கன்னு எம் மூஞ்சியில சொல்ல மாட்டா, ஆனா நெனப்பா. அது வேணாம். பாலுக்கு நான்தான் பெட்டி தூக்கிகினு ஸ்டேஷனுக்குப் போனேன். போடா போடான்னு தள்ளி விட்டேன். ஒருத்தன அனுப்பிட்டேன், இன்னொருத்தியையும் என்னால அனுப்ப முடியாது. வான்னும் சொல்ல முடியாது. நீ சொல்லு."

அவருக்கு மகள் வேண்டும். எனக்கும் அவள்தான் வேண்டும். ஒரே ஆள் வருவதற்காக இரண்டு பேரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

"கேக்கப் போறதில்லன்னு எழுதிட்டாளே" என்றேன்.

சமையலறையிலிருந்து ஆன்-மரி அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அதுவரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "அவ கேக்க மாட்டேன்னா கேப்பான்னு அர்த்தம்பா. சின்னதுல பால் குடிக்க மாட்டேன் மாட்டேன்னு காலை ஒதைச்சிகினு அழுவா. நான் அந்தாண்ட போயிட்டு வரசொல்ல தம்ளர் காலியா இருக்கும். நீ எழுது" என்றார்.

ஒரு தாளை என் முன்னால் தள்ளிவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். எனக்கு எழுத ஒரு வரிதான் இருந்தது. "ஓதெத், எனக்கு நீ வேண்டும், வந்துவிடு." அதற்கு இரண்டு மாதமும் ஐந்து கடிதமும் எதற்கு ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. கீழே, ஐந்து ஊரிலும் கடிதம் இருந்தது, உன் அப்பா பேரை விட்டுவிட்டேன், மன்னித்துவிடு என்று சேர்த்தேன். மடித்து உறையில் போட்டு ஒட்டினேன்.

விலாசம் எழுதப் பேனாவை எடுத்தபோது இராயப்பன் வந்து, "குடு" என்று கையை நீட்டினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். உறையை நேராக வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பட்டாளத்தில் கற்றுக்கொண்ட பெரிய எழுத்துகளில், ஒவ்வொன்றாக, தன் பேரை எழுதினார். தான் உயிரோடு இருப்பதாகப் பாரத்தில் கையெழுத்துப் போடும்போது எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆயிற்று. எழுதி முடித்து அடியில் ஒரு கோடு போட்டார். பேனாவை என் பக்கம் நீட்டி, "மீதிய நீ எழுது" என்றார்.

அவர் பேருக்குப் பக்கத்தில் ஓதெத் என்று எழுதினேன். போஸ்த் ரெஸ்தாந்த், பாரிஸ். பின்பக்கம் இந்தத் தடவை முழு விலாசமும் எழுதினேன். பேர் என்னுடையது, வீடு அவருடையது. "திரும்பி வந்தா இங்கதான வரணும்" என்று அவர்தான் சொன்னார். இருவரும் நடந்தே கடற்கரைப் பக்கம் பெரிய போஸ்ட் ஆபீசுக்குப் போய்ப் பெட்டியில் போட்டோம். அன்று ஆகஸ்ட் இருபத்தைந்து.

அதற்குப் பிறகு மற்றவை ஒவ்வொன்றாக வந்தன, அவள் பயணம் போன அதே வரிசையில். ரோம் வந்தது. நாலைந்து நாள் கழித்து வெனிஸ், ஒரு மூலை நனைந்து மை கலைந்து வந்தது. செப்டம்பர் எட்டாம் தேதி வியன்னா. என்னால் போக முடியாத ஊர்களுக்கெல்லாம் என் கடிதங்கள் போய், யாரும் கேட்காமல் இருந்து, திரும்பி வந்தன. இராயப்பன் அவற்றை மேசையில் அடுக்கி வைத்தார். யாரும் பிரிக்கவில்லை. இராமதாஸும் ஆதிலட்சுமியும் அதே வாரம் ஊர் வந்து சேர்ந்தார்கள். பாரிஸ் ஸ்டேஷனில் அண்ணன் வந்து அவளைக் கூட்டிப் போனதற்குப் பிறகு தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். அவள் அம்மாவுக்கு வந்த கடிதத்தில் பால் வீட்டுப் பூனையைப் பற்றி எழுதியிருந்தாள்.

ஆதிமூலம் கணக்குப் போட்டுச் சொன்னார். போய்ச் சேர ஒன்பது நாள், அங்கே வைத்திருப்பது பதினைந்து நாள், திரும்பி வர ஏழெட்டு நாள். யாரும் கேட்கவில்லை என்றால் இருபத்தாறாம் தேதி வாக்கில் பாரிஸ் கடிதம் இங்கே இருக்கும். இருபதாம் தேதியிலிருந்து நான் தினம் பத்தரைக்கே இராயப்பன் வீட்டுக்குப் போய்விடுவேன். அதுநாள் வரை கடிதம் வராதா என்று தபால்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன், இப்போது அந்தக் கடிதத்தோடு வந்துவிடக் கூடாதே என்று ஆதிமூலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபத்தாறு வந்தது, போயிற்று. இருபத்தேழும் போயிற்று. கடிதம் திரும்பவில்லை. அவளிடமிருந்தும் ஒரு வரி இல்லை. கையில் கிடைத்திருந்தால் ஒரு தந்தி கொடுத்திருக்க மாட்டாளா என்று ஒரு சமயம் தோன்றும். ஐந்து ஊரில் நான் நின்றேனே, இவர்களும் கொஞ்சம் நிற்கட்டும் என்று விட்டிருப்பாள் என்று இன்னொரு சமயம் தோன்றும். அவள் அப்படிச் செய்யக்கூடியவள்தான். அவளுடைய ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

இருபத்தெட்டாம் தேதி காலை ஆன்-மரி அம்மா ஓதெத்தின் மெத்தையையும் தலையணையையும் மதில் மேல் வெயிலுக்குப் போட்டிருந்தார். யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. இராயப்பன் முகம் மழித்து, சொக்காயை உள்ளே விட்டுக்கொண்டு, கேட்டில் நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். பதினொன்று அடித்துக் கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது. ஆதிமூலம் இரண்டு வீட்டில் இறங்கினார், ஏறினார். இராயப்பன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இறங்கி, பைக்குள் கையை விட்டுத் துழாவினார். இராயப்பன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆதிமூலம் எதையோ எடுத்து அந்த வீட்டில் கொடுத்துவிட்டு ஏறி, எங்களைத் தாண்டும்போது, வருத்தமாக, "இன்னிக்கும் ஒண்ணும் இல்ல மிசே" என்றார்.

"மெர்சி, ஆதிமூலம்! மெர்சி!" என்று இராயப்பன் தெருவே கேட்க நன்றி சொல்லிக் கத்தினார். ஆதிமூலம் திரும்பிப் பார்த்துக்கொண்டே மிதித்தார். இராயப்பன் மதிலருகே போய்த் தலையணையின் வெயில் பட்ட பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அதை மறுபக்கம் திருப்பிப் போட்டார். சைக்கிள் மணி அடுத்த தெருவில் கேட்டது, அதற்கு அடுத்த தெருவில் கேட்டது, கேட்காமல் போகும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.